ஊர்ப் பேருக்கு என்ன விலை?

"நம்ம ஊர் பேர்ல ஒரு டாட் காம் வாங்கிப் போட்டா, பின்னாடி நல்ல விலைக்கு விக்கலாமாடா?" என்று நண்பன் கேட்டான். ஊர், பூரணாங்குப்பம். அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டையைக் குடைந்ததால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினேன்.

முதலில் ஒன்று. டொமைன் என்பது மனை வாங்குவது போல இல்லை. பணம் கட்டிக் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய குத்தகை. கேட்டு வர ஆள் இல்லையென்றால் கைக்காசுதான் கரையும்.

2000-ல் துவாலு என்ற குட்டித் தீவு நாடு, தன் 'டாட் டிவி'யை ஒரு நிறுவனத்துக்குச் சுமார் 5 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. அதே ஆண்டு ஐ.நா.விலும் சேர்ந்தது, அந்தச் செலவுக்கு இந்தப் பணம் உதவியது. வாங்கியவர்களுக்குத் துவாலு முக்கியமில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது டிவி! ஆக, விலை பெயரில் இல்லை, வாங்குபவர் தேவையில் இருக்கிறது.

அடுத்து பார்சிலோனா. 1996-ல் ஒரு தம்பதி அந்த டாட் காமைப் பதிவு செய்தார்கள். நகராட்சி உரிமை கொண்டாடியது. 2000-ல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நடுவர் நகராட்சி பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2003-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வெறும் ஊர்ப் பெயர் அமெரிக்கச் சட்டப்படி வணிக முத்திரை ஆகாது என்றது.

நம் பக்கம் வருவோம். 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி ஆனது. ஆனால் வெளியூர்க்காரர்கள் இன்றும் 'பாண்டி' என்றுதான் தேடுகிறார்கள். அரசாணையால் பழைய பெயரின் மதிப்பு போய்விடவில்லை.

இப்போது பூரணாங்குப்பம். ஆங்கிலத்தில் 'பூ'வுக்கு இரண்டு 'ஓ'வா, ஒரு 'யு'வா என்பதிலேயே குழப்பம். பெயரும் நீளம். அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம் என்று சுற்றிலும் குப்பங்கள் வேறு. தேடி வந்து வாங்க ஹோட்டல்காரரோ சுற்றுலா கம்பெனியோ வரிசையில் நிற்கவில்லை. மறுவிற்பனை மதிப்பு? ஏறக்குறைய பூஜ்யம்தான் நண்பா!

ஆனாலும் வாங்கு என்றுதான் அவனிடம் சொன்னேன். விற்க அல்ல. வேறு யாராவது முந்திக்கொண்டால், 'நாங்க இந்த ஊர்க்காரங்க' என்று சொன்னால் மட்டும் பெயர் திரும்பி வந்துவிடாது. பார்சிலோனா நகராட்சிக்கே அந்தக் கதி!

நீங்கள் உங்கள் ஊர்ப் பேரைத் தேடிப் பார்த்தீர்களா?