வகுப்புவாரி ஆணையும் முன்சீப்புப் பதவிகளும்

சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையின் முடிவைக் கூறுவோர் பெரும்பாலும் செண்பகம் துரைராசன் வழக்கோடு அமைந்துவிடுவர். அது கல்லூரிச் சேர்க்கை பற்றியது. அரசுப்பணி பற்றிய வேங்கடரமணா வழக்கிலும் உச்சநீதிமன்றம் அதே நாளில், 1951 ஏப்ரல் 9இல், தீர்ப்பளித்தது. நாம் ஈண்டு ஆராய்வது இதனையே.

வழக்கிற்குரிய மாவட்ட முன்சீப்புப் பதவிகள் 83. அவற்றுள் பிராமணரல்லாத இந்துக்கட்கு 32, அரிசனர்க்கு (ஆணையின் சொல் இது) 19, பிராமணர்க்கு 11, பிற்பட்ட இந்துக்கட்கு 10, கிறித்தவர்க்கு 6, முசுலிம்கட்கு 5 என வகுக்கப்பட்டிருந்தன. எல்லா வகுப்பார்க்கும் பங்கு என்பதே 1927ஆம் ஆண்டு ஆணையின் நெறி. அதன் 12 இடச் சுழற்சியில் பிராமணர்க்கும் 2 இடம் உண்டு. பிற்பட்ட இந்துக்கள் என்னும் தனிப் பகுப்போ இல்லை. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்திற்றான் அப்பகுப்பு 14இல் 2 இடம் பெற்றுத் தோன்றுகின்றது.

அச்சிறு சேர்க்கையே பின்னர் நிலைத்தது. அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு பிற்பட்ட வகுப்பார்க்குப் பணியில் இடம் ஒதுக்க முன்னரே இடந்தந்திருந்தது. ஆகலின் அரிசனர்க்கும் பிற்பட்டோர்க்கும் உரிய 29 இடங்களை நீதிமன்றம் குறைகூறிற்றிலது. ஏனைய பங்கீட்டையே செல்லாதென்றது. அவ்வாண்டே நிகழ்ந்த முதல் திருத்தம் 15(4)ஆம் பிரிவைச் சேர்த்தது கல்வியின் பொருட்டு. பணி ஒதுக்கீட்டைக் காத்தது அத்திருத்தமே என்னும் கூற்று பொருந்தாது. வகுப்புவாரிப் பங்கீடு, பிற்பட்டோர் ஒதுக்கீடு என்னும் இரண்டையும் ஒன்றாகக் கொண்டமையே இம்மயக்கத்திற்குக் காரணம் என்பது நம் கருத்து.

வேங்கடரமணாவின் விண்ணப்பத்தை, வகுப்புச் சுழற்சியை நோக்காது, தகுதிப்படி ஆராயுமாறு நீதிமன்றம் சென்னை அரசைப் பணித்தது.