லாய் டெக்: முகமில்லாத ஆளுக்கு ஒரு நடிகனின் முகம்

பத்துமலை என்றால் நமக்கு முருகன், தைப்பூசம், 272 படி. 1942 செப்டம்பர் 1 அன்று அங்கே நடந்தது வேறு கதை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர்களும் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்காரர்களும் அந்தக் குன்றுகளுக்குப் பக்கத்தில் ரகசியக் கூட்டத்துக்காக வந்திருந்தார்கள். விடிகாலையில் ஜப்பானியப் படை சுற்றி வளைத்துவிட்டது. செத்துப்போனவர்களில் 18 பேரைக் கட்சி தியாகிகளாக நினைவில் வைத்திருக்கிறது. பொதுச்செயலாளர் மட்டும் அன்றைக்கு வரவில்லை. கார் ரிப்பேராம்!

அவர்தான் லாய் டெக். அது புனைபெயர்தான். சுமார் 50 பெயர்களில் உலாவிய ஆள். வியட்நாமில் பிரெஞ்சு போலீசுக்கு உளவு சொன்னவரை, 1930களில் சிங்கப்பூரின் பிரிட்டிஷ் உளவுத்துறை வாங்கிக்கொண்டது. சர்வதேச கம்யூனிஸ்ட் அமைப்பான கொமின்டர்ன் அனுப்பிய ஆள் என்று சொல்லிக் கட்சிக்குள் நுழைந்தார். போட்டியாக இருந்தவர்களை பிரிட்டிஷ்காரர்களே கைது செய்து வழிவிட்டார்கள். 1939ல் பொதுச்செயலாளர். 1942ல் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாயிடம் மாட்டி, அவர்களுக்கும் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். எங்க ஐடி பாஷையில் சொன்னால், ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதிகளான மூன்று கம்பெனியின் சர்வருக்கும் ஒரே ஆளிடம் அட்மின் பாஸ்வேர்ட்.

இந்த ஆளைப் பற்றி சிங்கப்பூர் கலைஞர் ஹோ சூ நியென் 2015ல் ஒரு வீடியோ செய்தார். 'பெயரற்றவர்' என்று தமிழில் சொல்லலாம். இரண்டு திரை, பின்னணிக் குரல் ஒன்றில் சீனம், மற்றதில் வியட்நாமியம். ஹோ கேமராவைத் தொடவே இல்லை என்பதுதான் விசேஷம். ஹாங்காங் நடிகர் டோனி லியுங் நடித்த படங்களிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, அவரையே லாய் டெக் ஆக்கிவிட்டார். சிகரெட் பிடிக்கிறார், ஜன்னல் வழியே பார்க்கிறார், யாரிடமோ பொய் சொல்கிறார். படத்துக்குப் படம் வயசும் மீசையும் மாறுகிறது. ஆள் ஒன்று. டோனி லியுங்கைப் பிடித்தது சும்மா இல்லை. 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'ல் ரவுடிக் கும்பலுக்குள் புகுந்த போலீஸ்காரர்; 'லஸ்ட், காஷன்'ல் ஜப்பானியருக்கு வேலை பார்க்கும் சீன உளவுத் தலைவர். மனுஷன் ஏற்கெனவே ரெண்டு பக்கமும் நின்றவர்.

இதைவிட நல்ல வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லாய் டெக்கைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் அநேகமாக மற்றவர்கள் எழுதியது: போலீஸ் குறிப்புகள், 1948ல் கட்சி விட்ட கண்டன அறிக்கை, பிறகு சின் பெங்கின் சுயசரிதை. ஒவ்வொன்றும் ஒரு நோக்கத்தோடு எழுதப்பட்டது. வியட்நாம்காரர் ஒருவர் மலாயாவின் புரட்சிக்குத் தலைமை தாங்கியதை மலேசிய தேசியக் கதையில் எங்கே பொருத்துவது? சிங்கப்பூர் கலைஞர் அதை ஹாங்காங் முகத்தை வைத்துச் சொல்வதில் ஒரு குறும்பு இருக்கிறது.

ஆனால் ஒரு சண்டையும் எனக்கு உண்டு. டோனி லியுங்கின் அந்தச் சோகக் கண் இருக்கிறதே, அது யாரையும் மன்னிக்க வைத்துவிடும். பத்து நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தவன் மேல் இரக்கம் வந்துவிடுகிறது. பத்துமலையில் செத்த 18 பேருக்குக் கடன் வாங்கிய முகம்கூட இல்லை. வீடியோவைப் பார்த்து முடித்த ராத்திரி அவர்கள் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

1947 மார்ச்சில் மத்தியக் குழு விசாரிக்கக் கூடியபோதும் லாய் டெக் வரவில்லை. இந்தத் தடவை கார் சாக்கு இல்லை, கட்சிப் பணத்தோடு ஓடிவிட்டார். அதே வருஷம் பாங்காக்கில் பிடிக்கப் போனபோது கழுத்து நெரிபட்டுச் செத்தார், உடலைச் சாவ் பிரயா ஆற்றில் போட்டார்கள் என்று சின் பெங் எழுதுகிறார். அவருக்குப் பதிலாகப் பொதுச்செயலாளர் ஆன சின் பெங்குக்கு அப்போது வயது 22. அடுத்த வருஷமே ஆயுதப் போர் தொடங்கி, 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தத்தோடுதான் முடிந்தது. அதற்குப் பிறகும் அவரை மலேசியா உள்ளே விடவில்லை. 2013 செப்டம்பரில் அவரும் பாங்காக்கில்தான் செத்தார்.