பிளாண்டேஷனா, செர்ரியா? காபிக்கொட்டையின் சரித்திரம்

திருப்பூர் ராயபுரத்தில் இருந்தாலும் சரி, வேறு எந்த ஊரில் இருந்தாலும் சரி, காபித்தூள் அரைத்துக் கொடுக்கும் கடையில் கால் கிலோ தூள் கேட்டால் உடனே கிடைத்துவிடாது. "பிளாண்டேஷனா, பீபரியா? சிக்கரி எவ்வளவு?" என்று எதிர்க்கேள்வி வரும். பிளாண்டேஷன், செர்ரி, பீபரி எல்லாம் கம்பெனிப் பெயர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு, ஊர்ப் பெயர்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை! பழத்துக்குள் வழக்கமாக இருக்கும் இரண்டு கொட்டைகளுக்குப் பதிலாக ஒரே உருண்டைக் கொட்டை விளைந்தால் அது பீபரி. அதாவது பிறப்பால் வந்த பெயர். பிளாண்டேஷனும் செர்ரியும் அப்படியல்ல. பறித்த பிறகு அந்தப் பழத்தை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் பெயர்கள் அவை.

பனியன் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே நூலில் ஓட்டிய துணிதான். ஆனால் டையிங், வாஷிங், காம்பாக்டிங் முடிந்து வரும்போது ஒன்று மெத்தென்று இருக்கும், இன்னொன்று முரடாக இருக்கும். காபியும் அப்படித்தான்.

வெயிலில் காய்ந்தது, தண்ணீரில் கழுவியது

பழைய முறை உலர் முறை. பழத்தைத் தோலோடு களத்தில் பரப்பி, இரண்டு மூன்று வாரம் கிளறிக் கிளறிக் காயவைத்து, பிறகு உடைத்துக் கொட்டையை எடுப்பது. ஏமன் நாட்டுக் காபி இப்படித் தயாரானதுதான். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் அங்கிருந்து ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது நம் பக்கத்துக் கர்ணபரம்பரைக் கதை. இப்படிக் காய்ந்ததுதான் 'செர்ரி'. பழச்சதையோடு சேர்ந்து காய்வதால் காபிக்குக் கனமும் இனிப்பும் வரும், புளிப்பு குறையும். கிளறாமல் விட்டாலோ மழையில் நனைந்தாலோ பூஞ்சணம் பிடித்து வாடை அடிக்கும்.

ஐரோப்பியர்கள் ஏற்காடு, நீலகிரி, ஆனைமலை என்று எஸ்டேட் போட்டபோது ஈர முறை பரவியது. பழுத்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் மெஷினில் கொடுத்துத் தோலை நீக்குவார்கள். வழவழப்பான சதை ஒட்டியிருக்கும் கொட்டையைத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்க வைத்துக் கழுவிக் காயவைப்பார்கள். இட்லி மாவு மாதிரிதான் கணக்கு. குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். பக்குவமாக வந்தால் சுத்தமான சுவை, பளிச்சென்ற புளிப்பு, நல்ல மணம். இப்படிக் கழுவிய அராபிகாதான் 'பிளாண்டேஷன்'. கூட வரும் 'ஏ' என்பது கொட்டையின் அளவைக் குறிக்கும் தரம்.

இதற்கு மெஷின் வேண்டும், ஏராளமான தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். பெரிய எஸ்டேட்டுக்கு இவை இருந்தன. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்த மலைக் குடியானவருக்கு வெயில் ஒன்றுதான் இலவசம். ஆகவே பிளாண்டேஷனுக்கும் செர்ரிக்கும் நடுவில் இருந்தது சுவை வித்தியாசம் மட்டும் அல்ல, முதலீட்டு வித்தியாசமும்தான்.

காபியில் தொடங்கிப் பஞ்சாலை வரை

மலையில் கழுவிய கொட்டை மேல்தொலியோடுதான் கீழே இறங்கும். அதைக் காயவைத்து, தொலி நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டுவது சமவெளியில் நடந்தது. மலையடிவாரமும் வறண்ட காற்றும் ரயில் வசதியும் சேர்ந்த கோயம்புத்தூர் அதற்குத் தோதான ஊர். 1861இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கே காபி பதனிடும் தொழிலைத் தொடங்கினார். அதே ஸ்டேன்ஸ்தான் 1888இல் கோவையின் முதல் நூற்பாலை உருவாகவும் காரணமானவர். இன்றைக்கு நூலும் பனியனுமாக இருக்கும் இந்த வட்டாரத்தின் ஆலைக் கதையில், காபி மூட்டைக்கும் ஒரு பங்கு இருக்கிறது!

கப்பல் கொடுத்த ருசி

மூன்றாவது முறை தற்செயலாகப் பிறந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச்சேரப் பல மாதங்கள் ஆகும். கடல் ஈரத்தில் கொட்டைகள் ஊதி, பச்சை நிறம் போய் வெளிறிவிடும். புளிப்பும் அடங்கிவிடும். அங்கே குடித்தவர்களுக்கு அதுவே பழகிப்போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்கள் பெருகின. சரக்கு சீக்கிரமாகவும் புதிதாகவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பழைய ருசி இல்லை!

அதனால் மேற்குக் கரையில் அந்தக் கடல் பயணத்தைக் கரையிலேயே நடத்தினார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பக்கச்சுவர் திறந்த கிடங்குகளில் செர்ரி கொட்டையைப் பரப்பி, பருவக்காற்றின் ஈரம் படும்படி கிளறிவிட்டார்கள். 'மான்சூன்ட் மலபார்' இப்படி வந்ததுதான். பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது.

பெயர் தொலைந்த அரை நூற்றாண்டு

இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும் விலை விழுந்தது. விவசாயியைக் காப்பாற்ற அரசு தலையிட்டது. 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டம் வந்தது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மீதியைக் காபி போர்டின் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். போர்டு ஏலம் விட்டுப் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும்.

இதனால் விலைக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது உண்மை. பிளாண்டேஷன், செர்ரி என்று ரகத்துக்கு ஏற்ற விலையும் இருந்தது. ஆனால் ராத்திரி கண்விழித்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவரின் கொட்டையும், ஏனோதானோவென்று கழுவியவரின் கொட்டையும் ஒரே தரத்தில் விழுந்தால் ஒரே குவியலில்தான் சேரும். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது குடிப்பவருக்குப் போய்ச்சேராது. கூடுதல் கவனத்துக்குக் கூடுதல் விலை இல்லையென்றால் யார்தான் மெனக்கெடுவார்கள்? வணிகவியல் படிக்கும் எவருக்கும் விடை தெரிந்த கேள்வி இது.

1990களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் எல்லா விவசாயிகளும் தங்கள் காபியைத் தாங்களே விற்கலாம் என்றானது. விலை வீழ்ச்சியின் அடியும் அதன்பின் நேரடியாக அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் தோட்டத்தின் பெயர் திரும்பி வந்தது. சதையைக் கொஞ்சம் ஒட்டவிட்டுக் காயவைக்கும் 'ஹனி' முறை, காற்றுப் புகாத தொட்டியில் புளிக்க வைக்கும் முறை என்று சோதனைகள் நடக்கின்றன. 'கழுவாதது' என்று ஒரு காலத்தில் மட்டமாகப் பேசப்பட்ட செர்ரியையே, பழுத்த பழமாகப் பொறுக்கிப் பக்குவமாகக் காயவைத்து நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊர் டிகிரி காபியில் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்ந்து இந்த நுணுக்கங்களில் பாதியை மறைத்துவிடும் என்பது வாஸ்தவம்தான். ஒருநாள் சிக்கரி இல்லாமல் பிளாண்டேஷனில் ஐம்பது கிராம், செர்ரியில் ஐம்பது கிராம் தனித்தனியாக அரைத்து வாங்கி, பால் சேர்க்காத டிகாக்ஷனை ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி எது, வெயில் களம் எது என்று நாக்கே சொல்லிவிடும்.