திகதியின் மயக்கம்

இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸ் 1649ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி சிரச்சேதஞ் செய்யப்பட்டான் என்று சரித்திர நூல்கள் கூறும். அத்தண்டனையை நிறைவேற்றுமாறு ஐம்பத்தொன்பது பேர் ஒப்பமிட்ட ஆணைப்பத்திரமோ 1648 ஜனவரி 29 எனத் திகதியிடப்பட்டுள்ளது. ஆணை பிறந்து ஓராண்டு கழிந்த பின்னரா தலை வீழ்ந்தது? அன்று, மறுநாளே வீழ்ந்தது. பத்திரத்திலும் பிழையில்லை, நூலிலும் பிழையில்லை. அக்கால இங்கிலாந்திலே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இலேதான் தொடங்கியது. ஆதலால் ஜனவரி மாதம் முடியுந் தறுவாயிலிருந்த பழைய ஆண்டுக்கே உரியதாயிற்று.

இம்மயக்கத்தைப் போக்கச் சிலர் ஆண்டை இரட்டையாக எழுதினர். யோர்ஜ் வாஷிங்டனின் குடும்ப விவிலியத்திலே அவர் பிறந்த நாள் 1731/2 பெப்ரவரி 11 எனக் காணப்படுகிறது. ஒரு சிறு கோடு எத்துணைப் பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது! எனினும் அவர் பிறந்த தினமாகப் பின்னர் வழங்கியது 1732 பெப்ரவரி 22 ஆகும். பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் வகுத்த திருத்தத்தைப் பிரித்தானியாவும் அதன் குடியேற்ற நாடுகளும் 1752 வரை ஏற்கவில்லை. ஏற்ற அவ்வாண்டிலே செப்டெம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டெம்பர் 14 வியாழக்கிழமையாயிற்று. பதினொரு திகதிகள் மறைந்தன. கிழமை மட்டும் முறை தவறவில்லை. ஆண்டுப் பிறப்பும் அவ்வாண்டு முதல் ஜனவரி 1க்கு மாறியது.

பஞ்சாங்கம் ஒன்றுபட்ட பின்னரும் எழுதும் ஒழுங்கு ஒன்றுபடவில்லை. 4-5-1960 என்பது பிரித்தானியருக்கு மே 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. கப்பற் சரக்கும் வங்கிப் பத்திரமும் கடல் கடந்து செல்லும் உலகில் இஃது அற்ப விடயமன்று. சர்வதேச நியமங்கள் நிறுவனம் 1988இல் 8601 என்னும் இலக்கமுடைய நியமத்தை வெளியிட்டது. அதன்படி ஆண்டு நான்கு இலக்கத்தில் முன்னிற்கும். மாதமும் நாளும் இவ்விரண்டு இலக்கங்களிற் பின்தொடரும். நேரம் இருபத்துநான்கு மணிக் கணக்கில் அமையும். இவ்வாறு எழுதிய திகதிகளை எண் வரிசைப்படி அடுக்கினால் அவை கால வரிசையிலேயே அமைந்துவிடும்.

ஆயினும் சரித்திர மாணவன் பெரிதும் மதிக்கவேண்டியது வேறொரு விதியாகும். 2004ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 1583க்கு முந்திய ஆண்டுகளைத் தரவு பரிமாறும் இரு சாராரும் உடன்பட்டால் மட்டுமே இம்முறையில் எழுதலாம். எந்தப் பஞ்சாங்கம் என்பதைத் தெளிவாக்கிய பின்னரே எண்ணை எழுதவேண்டும் என்ற விவேகம் அதிலே தெரிகிறது. அந்நியமத்தின்படி சார்ள்ஸ் மன்னன் மாண்ட நாள் 1649-02-09, அந்நாளும் செவ்வாய்க்கிழமையே.