காளான் நோய்களும் காப்பும்

அமீரகத்தில் காளான் வளர்க்க விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது: வெயிலைவிட ஈரத்துக்கு அஞ்சுங்கள். கடலோரக் கோடையின் புழுக்கக் காற்று குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தால் மொட்டுக் காளானின் குடைமேல் நீர் கோர்க்கும். அது காயாமல் நின்றால் சூடோமோனாஸ் டொலாசி என்னும் பாக்டீரியா பழுப்புப் புள்ளியிடும். நீர் தெளித்தபின் காற்றோட்டம் தருவதே மருந்து.

வைக்கோல் சரியாக வேகாவிட்டால் டிரைகோடெர்மா என்னும் பச்சைப் பூசணம் படரும். அந்தப் பையைத் திறக்காமலே அகற்றவேண்டும். சிலந்திவலை நோய் கண்ட இடத்தை ஈரத்தாளால் மூடி உப்பிடவேண்டும். நீர் தெளித்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும்.

காளானும் பூசணம், பகையும் பூசணம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் தாக்கலாம். எனவே சுத்தமே முதல் காப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே-2 பால் காளான் 30-35 பாகை வெப்பத்திலும் விளையும். வளைகுடாவில் குளிரூட்டும் செலவாவது குறையும்.