மருமகளின் சுமையும் பகல்நேரப் பராமரிப்பும்: ஜப்பானின் அனுபவம்

மறதி நோய் (டிமென்சியா) கண்ட முதியவரை வீட்டில் வைத்துக் கவனிப்பவருக்கு அவசரமாகத் தேவைப்படுவது சில மணி நேர ஓய்வு. அந்த ஓய்வைத் தருவது அரசின் கடமை என்று ஒரு நாடு ஒப்புக்கொள்ள எத்தனை காலம் பிடிக்கும்? ஜப்பானின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1972-இல் சவாகோ அரியோஷி எழுதிய 'கோகொட்சு நோ ஹிதோ' என்ற நாவல் இந்த நிலையை ஊரறியச் செய்தது. வேலைக்குப் போகும் ஒரு மருமகள், நினைவிழந்த மாமனாரைக் கவனித்துத் திணறும் கதை அது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. வீட்டுக்குள் மூடி வைத்திருந்த விஷயம் தெருவுக்கு வந்தது.

1980 ஜனவரியில் கியோட்டோ நகரில், மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். ஒருவர் துயரத்தை மற்றவர் கேட்பதில் தொடங்கிய அச்சங்கம், அரசிடம் கோரிக்கை வைக்கும் அமைப்பாக வளர்ந்தது. 1989-இல் அரசு 'தங்கத் திட்டம்' என்பதை அறிவித்தது. பத்தாண்டுகளில் 10,000 பகல்நேர நிலையங்கள் என்பது அதன் இலக்குகளில் ஒன்று.

அங்கே என்ன நடக்கிறது? காலையில் வேன் வீட்டு வாசலுக்கு வந்து முதியவரை அழைத்துச் செல்லும். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். குளிப்பாட்டுவார்கள். மதிய உணவு, பாட்டு, உடற்பயிற்சி எல்லாம் உண்டு. மாலையில் வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். கூடவே ஒரு குறிப்பேடும் வரும். இன்று எவ்வளவு சாப்பிட்டார், எப்படி இருந்தார் என்று ஊழியர் எழுதியிருப்பார். இரவு எப்படித் தூங்கினார் என்று வீட்டார் பதில் எழுதுவார்கள். இடைப்பட்ட அந்த நேரத்தில் மருமகள் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், வெறுமனே தூங்கவும் செய்யலாம். வீட்டில் குளிப்பாட்டுவதே பெரும் போராட்டம் என்பதால் அந்த ஒரு குளியலே பெரிய உதவி.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 1997-இல் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 40 வயதைக் கடந்தவர்கள் சந்தா கட்ட வேண்டும். சட்டம் உருவானபோது ஒரு பெரிய விவாதம் எழுந்தது. கவனிக்கும் குடும்பத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்கலாமா என்பதே அது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்தன. பணம் கொடுத்தால், "அதுதான் காசு வருகிறதே" என்று மருமகளை மறுபடி வீட்டிலேயே கட்டிப் போடுவார்கள் என்பது அவர்கள் வாதம். இறுதியில் ரொக்கம் கைவிடப்பட்டு, சேவையே வழங்கப்பட்டது. பயனாளி தொடக்கத்தில் செலவில் 10 சதவீதம் மட்டும் செலுத்தினார். பின்னாளில் வருமானம் மிகுந்தோருக்கு இது 20, 30 சதவீதமாக உயர்ந்தது.

2004-இல் 'மடமை' என்ற பொருள் கலந்த 'சிஹோ' என்ற பழைய பெயரை நீக்கி, அறிதிறன் குறைபாட்டைக் குறிக்கும் 'நின்சிஷோ' என்ற சொல்லை அரசு கொண்டு வந்தது. நோயாளியை வெளியே அனுப்பக் கூசிய குடும்பங்களுக்கு இதுவும் ஓர் உதவிதான்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பராமரிப்புக்காக வேலையை விடுவோர் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர். நிலையம் பகலைத்தான் பார்த்துக்கொள்ளும், இரவு குடும்பத்துக்கே. ஆனாலும், முதியவரைப் பார்க்கும் மருமகளின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டது சிறிய மாற்றம் அல்ல.