மீளாச் சாவு: நிலவறை விளையாட்டுகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனி விளையாட்டுகள் வரலாற்றாய்வுக்கு உரிய பொருளாகுமா என்னும் ஐயம் சிலருக்கு எழுதல் இயல்பே. திரைப்படம் குறித்தும் ஒரு காலத்திற் கற்றோர் இவ்வாறே வினவினர். எண்ணற்றோர் தம் ஓய்வுப் பொழுதைச் செலவிடும் ஒரு கலைவடிவம், அதிலும் கொலையையும் அச்சத்தையும் தன் பொருளாகக் கொண்ட ஒரு கலைவடிவம், எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு மாறிற்று என்பதை ஆராயாது விடுவதற்கு நியாயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஈண்டு ஆராயப்படுவன நிலவறை விளையாட்டுகள் என அழைக்கத்தக்கவை. ஆடுபவன் ஒரு வீரனாக இருள் சூழ்ந்த நிலத்தடி அறைகளுள் தளம் தளமாக இறங்குகிறான், எதிர்ப்படும் கொடிய உருக்களைக் கொல்கிறான், பொருள் திரட்டுகிறான், பெரும்பாலும் இறந்துபோகிறான். இவற்றைப் பற்றிப் பொதுமேடைகளில் நிகழ்ந்த விவாதம் திரையிலே தெறிக்கும் குருதியின் அளவைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. ஆயின் இவ்விளையாட்டுகளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்குவார்க்கு வேறொரு வினாவே முதன்மையானதாகத் தோன்றும். சாவுக்கு விளையாட்டு என்ன விலை விதிக்கிறது, அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பதே அவ்வினா.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டே இவற்றுக்கு மூலம். தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடப்பட்ட அவ்விளையாட்டு மிக விரைவிற் பல்கலைக்கழகங்களின் கணனிக் கூடங்களுட் புகுந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் கல்வி புகட்டுதற்கென அமைக்கப்பட்ட பிளேற்றோ என்னும் கணனித் தொகுதியில் 1975இல் ரஸ்ரி ரதபோர்ட் என்பவர் நிலவறை விளையாட்டொன்றை ஆக்கினார். மக்கட்டொகையும் சக்தியும் பற்றி ஆராயும் குழுவொன்றுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கோப்பொன்றினுள், 'பெடிற் 5' என்னும் எவருக்கும் ஐயந்தராத பெயருடன், அது மறைந்து கிடந்தது. நிருவாகத்தினர் அதனைக் கண்டு அழித்துவிட்டனர். பல்கலைக்கழக நிருவாகங்களின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

இத்துறைக்குப் பெயர் தந்த விளையாட்டும் மாணவர் ஆக்கமே. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குறூஸ் வளாகத்திற் பயின்ற மைக்கல் டோய், கிளென் விச்மன் என்னும் இருவர் 1980ஆம் ஆண்டளவில் 'றோக்' என்னும் விளையாட்டை இயற்றினர். அவர்களை இதற்குத் தூண்டியது ஓர் எளிய மனக்குறை. அக்காலத்தில் 'அட்வென்ச்சர்' என்னும் குகை விளையாட்டு அமெரிக்கக் கணனிக் கூடங்களெங்கும் புகழ் பெற்றிருந்தது. ஆனால் அதன் புதிர்களை ஒருமுறை விடுவித்தவனுக்கு மறுமுறை அங்கு காண்பதற்கு ஒன்றுமில்லை. விளையாட்டை ஆக்கியவனோ ஒருமுறைதானும் அதனால் வியப்படையான். அனைத்தையும் அங்கு வைத்தவன் அவனே அன்றோ? தாம் ஆக்கியதைத் தாமே அச்சத்துடன் ஆடிப்பார்க்க வேண்டுமென விரும்பிய அவ்விருவரும், நிலவறையின் அமைப்பை ஒவ்வோர் ஆட்டத்திலும் கணனியே தற்செயலாக வகுத்துக்கொள்ளுமாறு செய்தனர். பின்னர் டோய் பேர்க்லி வளாகத்துக்குச் சென்றபோது கென் ஆனல்ட் என்பவர் இம்முயற்சியில் இணைந்தார். திரையின் எவ்விடத்திலும் ஓர் எழுத்தை நிறுத்துவதற்கு வழிசெய்த 'கேர்சஸ்' என்னும் நிரல் தொகுப்பு அவர் ஆக்கியதே. அத்தொகுப்பு இல்லையேல் றோக் இல்லை எனலாம்.

றோக் விளையாட்டில் ஓவியம் எதுவும் கிடையாது. 80 நிரல்களும் 24 வரிகளும் கொண்ட திரையில் கோடுகளும் புள்ளிகளுமே அறைகளாகின்றன. ஆடுபவன் மின்னஞ்சல் முகவரிகளில் இன்று நாம் காணும் அச்சுழிக் குறியாக நிற்கிறான். அவனைக் கொல்ல வரும் உருக்கள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 பேரெழுத்துகள். 26ஆம் தளம்வரை இறங்கி, அங்குள்ள தாயத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் மேலே ஏறிவருதல் வேண்டும். ஏறிவந்தோர் மிகச் சிலரே. இறந்தவனுக்குத் திரையில் ஒரு கல்லறைக் கல் தோன்றும். அவன் பெயரும், திரட்டிய பொன்னின் அளவும், அவனைக் கொன்றது எது என்பதும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். குருதி ஒரு துளியும் இல்லை. எனினும் ஓர் எழுத்து திரையின் மூலையில் அசையக் கண்டு கை நடுங்கினோர் பலர்.

இந்நடுக்கத்தின் காரணத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஓர் ஆட்டம் ஒரே இருக்கையில் முடிவுறாத அளவுக்கு நீண்டபோது, அதனை இடையில் நிறுத்திச் சேமித்துவைக்கும் வசதியை ஆக்கியோர் அளித்தனர். ஆடுவோர் இதனைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்டனர். இடர் வருமுன் சேமிப்பது, இறந்தால் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது என்னும் வழக்கம் தோன்றிற்று. இதனைத் தடுக்குமுகமாக, சேமித்த ஆட்டம் மீளத் திறக்கப்பட்டதும் அதற்குரிய கோப்பு அழிந்துவிடுமாறு விதி செய்யப்பட்டது. பின்னாளில் மீளாச் சாவு எனப் பெரிதும் பேசப்பட்ட கொள்கையின் பிறப்பு இதுவே. புள்ளிப் பட்டியலிற் களவு நிகழாது காக்க எழுந்த ஏற்பாடொன்று, ஆடுபவனின் ஒவ்வோர் அடிக்கும் பாரத்தைக் கொடுத்துவிட்டது. அறியாத மருந்தைக் குடிப்பதா, பசியோடு இன்னொரு தளம் இறங்குவதா என்னும் சிறு முடிவுகளெல்லாம் திரும்பப் பெறமுடியாதனவாயின. அச்சம் பிறந்தது இவ்விடத்திலேயே.

1983இல் வெளியான பேர்க்லி யுனிக்ஸ் தொகுதியுடன் சேர்ந்து றோக் உலகின் பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மூல நிரல் கிடைக்காமையால் விரும்பியோர் தாமே புதிதாக எழுதினர். ஜே பென்லசன் என்பவர் பாடசாலை மாணவராயிருந்த காலத்தில் எழுதிய 'ஹக்', ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கோனெக்கே எழுதிய 'மோறியா' ஆகியன இவ்வாறு தோன்றியவை. ஹக் பல கைகளாற் பெருக்கப்பட்டு 1987இல் 'நெற்ஹக்' ஆயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் இறந்த தளத்தைக் கணனி சிலவேளை அப்படியே காத்துவைக்கும். அதே கணனியில் ஆடும் வேறொருவன் பின்னொருநாள் அத்தளத்தை அடையும்போது, முன்னவனின் உடைமைகள் சிதறிக் கிடப்பதையும் அவனது ஆவி அவ்விடத்தே அலைவதையும் காண்பான். ஒரே கூடத்தில் அமர்ந்து ஆடிய மாணவர்க்கு அந்த ஆவியின் பெயர் தம் நண்பனின் பெயராகவே இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாதுவிடின் பழையதைப் போற்றும் குற்றத்துக்கு நாம் ஆளாவோம். ஆடுபவனின் சாவுக்கு இத்துணைப் பாரம் கொடுத்த இவ்விளையாட்டுகள், அவன் கொல்லும் உயிர்களின் சாவுக்கு அதே பாரத்தைக் கொடுத்தில. றோக்கில் ஓர் எழுத்து மறையும், அவ்வளவே. நெற்ஹக்கிலோ இனவழிப்பு என்னும் பெயருடைய ஓர் ஏட்டுச்சுருள் உண்டு. அதனைப் படித்தவன் ஓர் உயிரினத்தின் பெயரைத் தட்டினால் அவ்வினம் அந்நிலவறையில் இல்லாதொழியும். தன் இனத்தின் பெயரையே அறியாது தட்டினால் தானும் மாள்வான். ஒரு நூற்றாண்டின் பெருங் கொடுமையைக் குறிக்க ஆக்கப்பட்ட சொல், பைக்குள் வைத்திருந்து தக்க தருணத்திற் பயன்படுத்தும் கருவியொன்றின் பெயராக இங்கு வழங்குகிறது. குருதி காணப்படாமையால் இதனைக் குறித்து எந்த நாடாளுமன்றமும் கேள்வி எழுப்பவில்லை.

குருதி காணப்பட்டபோது கேள்வி எழுந்தது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்க மேலவை உறுப்பினர்களான யோசப் லீபமன், ஹேப் கோல் ஆகியோர் விளையாட்டுகளில் வன்முறை பற்றிய விசாரணையை நடத்தினர். 'மோட்டல் கொம்பற்' முதலியன அங்கு கண்டிக்கப்பட்டன. மறுநாளே 'டூம்' வெளியாயிற்று. வரலாறு சிலவேளை நாடகாசிரியரையும் விஞ்சிவிடுகிறது. விசாரணையின் பயனாக 1994இல் வயதுவாரியாகத் தரம் குறிக்கும் சபையொன்று விளையாட்டுத் தொழிலினராலேயே அமைக்கப்பட்டது. திரையில் என்ன தோன்றுகிறது என்பதே அன்றுதொட்டு அளவுகோலாயிற்று.

டூம் நமது வகையின் உடன்பிறப்பு மட்டுமே. வகையின் நேர்வாரிசு, 1996ஆம் ஆண்டு முடிந்து 1997 பிறந்த வேளையில் வெளிவந்த 'டையாப்லோ' ஆகும். இதனை ஆக்கியோருள் முதல்வரான டேவிட் பிறெவிக், றோக் வழிவந்த விளையாட்டுகளில் ஊறியவர். முதலில் அவர் வரைந்த திட்டத்தில் ஆட்டம் முறைமுறையாக நகர்வதாயும் சாவு மீளாததாயும் இருந்தன. வெளியீட்டு நிறுவனமான பிளிசார்ட், ஆட்டம் இடைவிடாது ஓடவேண்டுமென வற்புறுத்திற்று. பிறெவிக் தயங்கினார், பின் இசைந்தார். பாழடைந்த தேவாலயமும், அதன் இரண்டாம் தளத்தில் பிணங்கள் நிறைந்த அறையினுள் கத்தியுடன் நிற்கும் கசாப்புக்காரனும் அக்கால இளைஞர் பலரின் நெஞ்சில் நீங்காது பதிந்தன. ஆனால் தனியே ஆடுபவன் சேமித்த இடத்துக்கு மீளலாம். கசாப்புக்காரன் கொன்றாலும் அரை நிமிடத்தில் மீண்டும் அவன் அறை வாயிலில் நிற்கலாம். படிமம் கொடியதாயிற்று, சாவு மலிவாயிற்று. இதனைச் சிலர் உணர்ந்தனர் போலும். 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் டையாப்லோவில் மீளாச் சாவு விரும்புவோர்க்கெனத் தனியொரு முறையாகத் திரும்பிவந்தது.

2008இல் பேர்லினிற் கூடிய ஆக்குநர்கள் றோக் வழி விளையாட்டின் இலக்கணத்தை வகுத்து, மீளாச் சாவை அதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக்கினர். இலக்கணம் வகுக்கப்பட்ட உடனேயே இலக்கியம் அதனை மீறத் தொடங்கிற்று. 2013இல் கனடாவிலிருந்து வந்த 'றோக் லெகசி' தன்னை 'றோக்லைற்' என்று அழைத்துக்கொண்டது. மென்மையாக்கப்பட்ட றோக் என்பது பொருள். இங்கு வீரன் இறந்தால் அவன் மகனோ மகளோ வாளை ஏந்துவர். தந்தை திரட்டிய பொன் பிள்ளையின் வலிமைக்குச் செலவாகும். கோட்டை வாயிலில் நிற்கும் கேரன் எஞ்சிய காசு முழுவதையும் பறித்துக்கொள்வதால், இறந்தவனின் சம்பாத்தியத்தை முன்னரே செலவழித்துவிட வேண்டும். சாவு இழப்பாயிருந்த நிலை மாறி வருவாயாகிவிட்டது. 2020இல் முழுமையாக வெளிவந்த 'ஹேடீஸ்' இன்னும் ஒருபடி சென்று, வீரன் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கதை வளருமாறு செய்தது. அங்கு இறவாதவன் கதையின் பெரும்பகுதியை இழக்கிறான்.

இவ்வரிசையில் 2011இல் வந்த 'த பைன்டிங் ஒவ் ஐசாக்' தனித்து நோக்கற்பாலது. எட்மன்ட் மக்மிலனும் புளோறியன் ஹிம்சலும் ஆக்கிய இவ்விளையாட்டு, ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற விவிலியக் கதையைத் தலைகீழாக்கியது. கடவுளின் குரல் கேட்டதாக எண்ணும் தாய் கத்தியுடன் வர, சிறுவன் நிலவறைக்குள் தப்பி இறங்குகிறான். அவனது படைக்கலம் அவன் கண்ணீரே. அவன் இறக்கும்போது கல்லறைக்குப் பதிலாக ஒரு நாட்குறிப்புத் தாள் தோன்றும். தன்னைக் கொன்றது எது என்று சிறுவன் தன் கைப்பட எழுதியிருப்பான். றோக்கின் கல்லறையை இதனினும் துயரமாக எவரும் மாற்றி எழுதியதாக யாம் அறியோம். அருவருப்பான படிமங்கள் இதில் நிறைந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் வீட்டினுள் துன்புறும் குழந்தையின் அச்சத்தைப் பேச முயன்ற இவ்விளையாட்டின் மறுபதிப்பை 2016இல் அப்பிள் நிறுவனம், சிறுவர்மீதான வன்முறையைக் காட்டுகிறது எனக் கூறித் தன் கடையில் ஏற்க மறுத்தது. மறு ஆண்டில் அது ஏற்கப்பட்டது. காட்டப்படும் பொருளுக்கும் அதனைக் காட்டும் நோக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவுகோலிற் புலப்படவில்லை.

சாவின் விலையை மற்றொருவர் செலுத்தும் நிலையை முழுமையாக ஆராய்ந்தது 2016 ஜனவரியில் நிறைவாக வெளிவந்த 'டார்க்கஸ்ற் டன்ஜன்' ஆகும். வன்கூவரைச் சேர்ந்த ரெட் ஹூக் நிறுவனத்தின் ஆக்கம் இது. இதில் ஆடுபவன் வீரன் அல்லன். பாழடைந்த பரம்பரை மாளிகையொன்றுக்கு உரித்தாளி. மாளிகையின் கீழ் முன்னோர் தோண்டியெழுப்பிய கொடுமைகளை அகற்ற அவன் கூலிக்கு ஆட்களை அனுப்புகிறான். அவர்களுக்குக் காயம் மட்டுமன்றி மன அழுத்தமும் ஏறும். அது 100ஐ எட்டினால் ஒருவன் அச்சத்தாற் சித்தம் கலங்கலாம், தோழரை ஏசலாம், கட்டளையை மறுக்கலாம்; 200ஐ எட்டினால் இதயம் நிற்கும். இறந்தவன் மீளான். ஆனால் வண்டி ஒவ்வொரு வாரமும் புதிய ஆட்களைச் செலவின்றிக் கொண்டுவந்து இறக்கும். இதனால் ஆடுவோரிடையே ஒரு வழக்கம் பரவிற்று. புதிதாய் வந்தோரை விளக்கும் உணவும் இன்றி உள்ளே அனுப்பிப் பொன்னைக் கொணரச் செய்து, சித்தம் கலங்கித் திரும்பியவர்களை மருத்துவச் செலவைத் தவிர்க்கும்பொருட்டு வேலையினின்று நீக்கிவிடுவர். இவ்வாறு செய்க என்று விளையாட்டு எங்கும் கூறவில்லை. கணக்கு அவ்வாறு இருந்தது.

இவ்விளையாட்டு நிறைவுறுமுன் 2015இல் விற்பனைக்கு விடப்பட்டிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. அதுவரை கொல்லப்பட்ட பகைவன் உடனே மறைந்துவிட, பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்வர். அவ்வாண்டு செய்த மாற்றத்தின்படி பிணம் விழுந்த இடத்திலேயே கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டது; பின்னால் நிற்போரைத் தாக்க வேண்டுமாயின் முதலிற் பிணத்தை அகற்ற வேண்டும். குருதிக்கோ பித்துக்கோ அஞ்சாத ஆடுவோர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆட்டம் தாமதமாகிறது என்பதே அவர்களது முறைப்பாடு. பிணம் கிடக்க வேண்டுமா வேண்டாமா என்பதை ஆடுபவரே தெரிவுசெய்யும் வகையில், ஈற்றில் விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது.